அனுப்பிவிட்டேன் என்று சொன்ன மின்னஞ்சல்

அந்த மின்னஞ்சலை நான் அனுப்பவில்லை.

அனுப்பிவிட்டேன் என்று டில்லிபாபுவிடம் சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்து, வாய் கூசாமல் சொன்னேன். பதில் வரவில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். அனுப்பாததற்குப் பதில் எங்கிருந்து வரும்? அவனுக்கும் மாலதிக்கும் நடக்க இருந்த கல்யாணம் நின்றுபோனது அதனால்தான்.

உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்கலாம். கல்யாணங்களை இணையத்தில் நேரலையாகக் காட்டும் தொழிலைச் செங்கல்பட்டில் தொடங்கியவன் நான். அதைவிட, தன் தவறுகளை ஒளிக்காமல் எழுதுகிறவன் என்று பெயர் எடுத்தவன். எங்கள் தளத்தில் 'நாங்கள் எங்கே சறுக்கினோம்' என்று ஒரு பகுதி உண்டு. அதைப் படித்துத்தான் இணையத் தொழிலில் இறங்கினேன் என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். என்ன நேர்மை சார், என்ன நேர்மை! ஒருவருக்கும் நன்றி என்று பதில் எழுதாமல் இருந்ததில்லை.

தவறை அலசி எழுதும் அந்தப் பழக்கம் எனக்கு எங்கள் வீட்டிலிருந்து வந்தது. அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குடியிருப்பில் இருந்தோம். தொண்ணூறுகளில் என் பள்ளிக்காலம் அங்கேதான் கழிந்தது. அப்பா வேலை செய்த இடத்தில் ஒரு சின்னக் கோளாறு என்றாலும் நாலு பேர் உட்கார்ந்து அலசுவார்களாம். யார் செய்தது என்று கேட்க மாட்டார்கள். ஏன் நடந்தது என்றுதான் கேட்பார்கள். யார் என்று கேட்டால் எல்லாரும் மறைப்பார்கள், ஏன் என்று கேட்டால் தானாகச் சொல்வார்கள் என்பார் அப்பா. அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார், மனுஷன். அடுப்பில் பால் வழிந்தாலும் விசாரணைதான்.

"பால் ஏன் பொங்குச்சுன்னு பாப்போம்" என்பார்.

"நீங்க கூப்பிட்டு பேப்பர்ல ஒரு சேதியைக் காட்டுனீங்க, அதான் பொங்குச்சு. போய் எழுதிக்கோங்க" என்பாள் அம்மா.

சிரிப்பாகத்தான் இருந்தது அப்போது. ஆனால் தொழில் என்று ஒன்றைத் தொடங்கியபோது என் கையில் இருந்த ஒரே முதல் அதுதான்.

டில்லி என்னோடு செங்கல்பட்டில் கல்லூரியில் படித்தவன். திருக்கழுக்குன்றத்துக்காரன். எந்தக் கல்யாண வீட்டிலும் அழைப்பிதழ் இல்லாமல் பந்தியில் உட்காரக்கூடியவன். ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். பரிமாறுகிறவனும் அவனுக்கு மச்சான், மாப்பிள்ளைத் தோழனும் அவனுக்கு மச்சான். கேமரா பிடிப்பதில் கெட்டிக்காரன். ஆனால் நேரத்துக்கு வரமாட்டான். ஒரு நாள் பேட்டரியை மறப்பான், இன்னொரு நாள் டேப்பை மறப்பான். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் அவன் மறதிக்காரன் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததுதான் பின்னால் எனக்கு வசதியாகப் போயிற்று.

வீடுகளுக்கு அகலப்பட்டை இணையம் வரத் தொடங்கிய வருடங்கள் அவை. பழைய பேருந்து நிலையத்துக்கு அருகே, ஒரு பிரௌசிங் சென்டரின் மாடியில் ஓர் அறை எடுத்தோம். அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் மாட்டிக்கொண்ட சொந்தக்காரர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே தாலி கட்டுவதைப் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்தோம். எங்களைப் போல அப்போது சுற்றுவட்டாரத்தில் யாரும் இல்லை. எங்களைப் போலச் சொதப்பியவர்களும் யாரும் இருந்திருக்க முடியாது...

முதல் கல்யாணத்தில் கேமராவை மண்டபத்தின் நடுவில் வைத்தோம். தெளிவான படம். புரோகிதர் கையைத் தூக்கிக் கெட்டிமேளம் என்றார். அவ்வளவுதான், மொத்த மண்டபமும் எழுந்து நின்று அட்சதை போட்டது! சியாட்டிலில் உட்கார்ந்திருந்த அத்தை பார்த்தது வரிசையாக முதுகுகளை. இரண்டாவது கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தைச் சொன்னோம், இந்திய நேரம் என்று சொல்லவில்லை. பாவம், ஒரு குடும்பமே குளித்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்து காலி மண்டபத்தைப் பெருக்குவதைப் பார்த்திருக்கிறது. மூன்றாவதில் கெட்டிமேளச் சத்தம் தாங்காமல் மைக் செத்துப்போயிற்று.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நானும் டில்லியும் உட்கார்ந்து அலசுவோம். இந்த முடிவை எடுத்த நாளில் நமக்கு என்ன தெரிந்திருந்தது? என்ன தெரியாமல் இருந்தது? இந்த இரண்டு கேள்விதான். அதன் பலனாகக் கேமரா மணவறைக்குப் பின்னால் ஸ்டூல் மேல் ஏறியது. அழைப்பில் மூன்று நாட்டு நேரம் போட்டோம். கெட்டிமேளத்துக்கு முன்பே மைக்கின் ஒலியைக் குறைத்தோம். எல்லாவற்றையும் தளத்தில் எழுதினேன். எழுத எழுத வாடிக்கையாளர்கள் வந்தார்கள். தவறைச் சொன்னால் ஓடிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். மாறாக, தேடி வந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்த தீர்மானங்களில் ஒன்று, ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணம் என்பது. நம் ஊரில் நல்ல நாள் என்றால் எல்லாருக்கும் அதே நாள், அதே விடியற்காலை. எட்டு மண்டபத்திலும் ஒரே நேரத்தில் மேளம் கொட்டும். எங்களிடம் இருந்தது இரண்டு பேர், இரண்டு கேமரா. ஆனால் நம்பக்கூடிய டேட்டா கார்டு ஒன்றே ஒன்று. கம்பிவழி இணைய இணைப்பு இல்லாத மண்டபங்களில் அந்தச் சின்னக் கார்டைக் கணினியில் செருகித்தான் படத்தை அனுப்ப வேண்டும். பழைய கார்டு ஒன்றும் கிடந்தது. ஊருக்குள் அது ஓடும். கடற்கரைப் பக்கம் போனால் மூச்சு வாங்கும்.

இப்போது மாலதிக்கு வருகிறேன்.

திருக்கழுக்குன்றத்தில் ஓர் ஆசிரியர் குடும்பம். அப்பா இல்லை. மூத்தவர் ஞானவேல், மஸ்கட்டில் வேலை. அவருக்குக் கீழே இரண்டு தங்கைகள், தேவகியும் மாலதியும். இருவரையும் படிக்கவைத்தவர் அவர்தான், அந்த வீட்டில் அவர் சொல்தான் கடைசிச் சொல். மாலதியும் டில்லியும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். டில்லியின் வீட்டில் பெண் கேட்டுப் போனார்கள். அவள் அம்மாவுக்குச் சம்மதம். ஞானவேல் அண்ணன் மட்டும், முதலில் தேவகி கல்யாணம் முடியட்டும், பையனைப் பற்றி விசாரித்துக்கொள்கிறேன் என்றிருந்தார்.

தேவகிக்கு ஆவணியில் நாள் குறித்தார்கள். மாமல்லபுரத்தில் ஒரு மண்டபம். ஞானவேல் அண்ணன் புது வேலையில் சேர்ந்திருந்ததால் லீவு கிடைக்கவில்லை. நேரலையிலாவது நான் பார்த்தே ஆக வேண்டும் என்றார். அந்தப் பொறுப்பு டில்லிக்கு வந்தது. அவனுக்கு அது வெறும் கல்யாண ஆர்டர் இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

"இதை மட்டும் கரெக்டா காட்டிட்டேன்னு வெச்சுக்கோ, அண்ணன் எனக்கு ஓகே சொல்லிடுவாரு மச்சான்" என்று அவன் தினமும் ஒரு முறையாவது சொல்வான். மறதிக்காரன், முதல் நாளே மண்டபத்துக்குப் போய் மணவறைக்குப் பின்னால் நின்று புதுக் கார்டைச் சோதித்துவிட்டு வந்தான். படம் துளி நிற்காமல் ஓடியது. சாயங்காலம் அவனே பையைக் கட்டினான். ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்து, வாயால் சொல்லி, உள்ளே வைத்தான்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, அவனிடம் கேட்காமல், நான் அதே முகூர்த்தத்தில் இன்னொரு கல்யாணத்தை ஒப்புக்கொண்டிருந்தேன். கூடுவாஞ்சேரியில் பெரிய இடம். அமெரிக்காவில் ஊர்ப்பட்ட சொந்தம், எல்லாரும் பார்ப்பார்கள். ஒரு கல்யாணத்தைப் பிடித்தால் பத்துக் கல்யாணம் வரும் என்று கணக்குப் போட்டேன். விஷயம் தெரிந்ததும் டில்லி முறைத்தான்.

"ஒரு முகூர்த்தத்துக்கு ஒண்ணுன்னு நாமதானே பேசிக்கினோம். இன்னா மச்சான் இது?"

"அங்க மண்டபத்துலயே லைன் இருக்குடா. கார்டே வேண்டாம். நீ மாமல்லபுரத்தைப் பாரு, நான் அதைப் பாத்துக்கறேன்" என்றேன்.

முதல் நாள் சாயங்காலம் கூடுவாஞ்சேரி மண்டபத்து மேனேஜர் போன் செய்தார். மழையில் லைன் போய்விட்டது, காலைக்குள் கண்டிப்பாகச் சரியாகிவிடும் என்றார். கண்டிப்பாக என்று நம் ஊரில் யாராவது சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

விடியற்காலையில் டில்லி வேனின் மேல் ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டிருந்தான். எனக்கு முதுகைக் காட்டியபடி. அவன் பை அலுவலகப் படியில் இருந்தது. நான் குனிந்தேன். புதுக் கார்டை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பழைய கார்டை அங்கே வைத்து ஜிப்பை இழுத்தேன்.

சொல்லியிருக்கலாம். மச்சான், இப்படி ஆகிவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவன் கொடுத்திருக்க மாட்டான். அதனால்தான் கேட்கவில்லை.

கூடுவாஞ்சேரியில் லைன் சரியாகிவிட்டிருந்தது! பளிச்சென்று ஓடியது. அந்தக் கார்டு என் சட்டைப் பையிலேயே கிடந்தது. ஒரு முறைகூட நான் அதை வெளியே எடுக்கவில்லை.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் டில்லி போன் செய்தான்.

"மச்சான், பைல பழைய கார்டு கீது. புதுசு எங்க?"

"என்கிட்ட இருக்குடா. அவசரத்துல மாறிடுச்சு போல. அதுலயே ஓட்டு, ஓடும்" என்றேன்.

அவனுக்குப் பின்னால் நாயனம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரி வுடு. மாறிப்போச்சுன்னா நீ இன்னா பண்ணுவ. நான் பாத்துக்கறேன்" என்றான்.

தாலி கட்டும் நேரம் வரை அந்தப் பழைய கார்டு எப்படியோ இழுத்துக்கொண்டு ஓடியது. புரோகிதர் கையைத் தூக்கினார். படம் நின்றது. மேளச் சத்தம் மட்டும் கொஞ்சம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. மஸ்கட்டில் ஞானவேல் அண்ணன் அந்தத் தூக்கிய கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுபடி படம் வந்தபோது தேவகியின் கழுத்தில் தாலி ஏறியிருந்தது. எல்லாரும் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அன்று மண்டபத்தில் டில்லி, தப்பு என்னுடையதுதான் என்று அவர்களிடம் சொல்லிவிட்டான். எங்களுக்குள் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. அந்த இடத்தில் நிற்கிறவன் திட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் முன்னால் கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. யாரால் என்பதை ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம். அவன் அந்த வழக்கப்படி நடந்தான். கார்டு மாறியது என்னால்தான் என்று பிறகு நான் சொல்லிவிடுவேன் என்று நம்பினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வருவதற்கு முன்பே நான் எழுதித் தளத்தில் போட்டுவிட்டேன்.

என்ன எழுதினேன்? 'மண்டபத்துக்குப் போன எங்கள் ஆள் புறப்படும் முன் பையைத் திறந்து பார்க்கவில்லை. ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாததால் ஓர் அண்ணன் தன் தங்கைக்குத் தாலி ஏறுவதைப் பார்க்கவில்லை.' ஒவ்வொரு வாக்கியமும் உண்மை! அவன் காலையில் பையைத் திறந்து பார்க்கவில்லைதான். முதல் நாள் தானே கட்டிய பையை எதற்காகத் திறந்து பார்க்க வேண்டும்? உண்மைகளை மட்டும் எடுத்து வரிசையாக அடுக்கி ஒரு பொய்யைக் கட்ட முடியும். நான் கட்டினேன், நன்றாகவும் கட்டினேன்.

டில்லி படித்துவிட்டு வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து திரையைக் காட்டினான்.

"மாறிடுச்சுன்னு நீதானே சொன்ன. நான் பாக்கலன்னு எழுதிகீற."

"யாருன்னு எங்கயும் பேர் போடலையே மச்சான். ஏன் நடந்துச்சுன்னுதான் எழுதியிருக்கேன்."

"நம்ம கம்பெனில மொத்தமே ரெண்டு பேரு. எழுதுறவன் நீ. அப்ப இன்னொருத்தன் யாரு?"

யார் என்று கேட்காமல் ஏன் என்று கேட்கும் அப்பாவின் வழக்கத்தை நான் ஒளிவதற்குத் திரையாக்கிக்கொண்டேன். மாற்றுகிறேன், கொஞ்சம் பொறு என்று மட்டும் சொன்னேன்.

அதற்குள் கட்டுரை ஊரெல்லாம் பரவிவிட்டது. அதுவரை நான் எழுதியதெல்லாம் முதுகுகள், கடிகாரம், மைக். இதில் கண்ணீர் இருந்தது. இணையத்தில் தொழில் செய்கிற எவனெவனோ அதை எடுத்துப் போட்டான். சென்னையில் ஒரு கூட்டத்தில் வந்து பேசச் சொன்னார்கள். ஞானவேல் அண்ணனும் படித்தார். திருக்கழுக்குன்றத்துக்குப் போன் செய்து, கூட இருக்கிறவனே இவன் இப்படித்தான் என்று எழுதுகிறான், இவனை நம்பி எப்படிப் பெண்ணைக் கொடுப்பது என்று கேட்டுவிட்டார். வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அவர் மேல் என்ன குற்றம்? தகப்பன் இல்லாத தங்கை. நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இனிமேல் டில்லி தானாகப் போய், தப்பு என்னுடையது இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மண்டபத்தில் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டவன் ஆயிற்றே. மாலதிதான் ஒரு வழி சொல்லியிருக்கிறாள். உங்கள் நண்பரே அண்ணாவுக்கு எழுதட்டும், அவர் எழுதினால் அண்ணா நம்புவார் என்று.

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் வைத்து டில்லி என்னிடம் கேட்டான். "அண்ணனுக்கு ஒரு மெயில் போடு மச்சான். கார்டு மாறுனது உன்னாலன்னு ஒரு வரி போதும். தெரியாம நடந்துச்சுன்னே போடு. தளத்துல எழுதுனத மாத்த வேணாம். அது உனக்குப் பொழப்பு."

தளத்தில் இருப்பதை மாற்ற வேண்டாம் என்று அவனே சொன்னான். ஒரே ஒருவருக்கு, ஒரே ஒரு வரி!

எழுத உட்கார்ந்தேன். 'கார்டு மாறியது என்னால்' என்று தட்டினேன். அவர் இதை யாரிடமாவது சொன்னால்? தளத்தில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்றா என்று யாராவது கேட்டால்? அந்த வாரம்தான் சென்னைக் கூட்டம். அந்தக் கட்டுரையைப் பார்த்து நாலைந்து புது ஆர்டர்கள் வந்திருந்தன. கூட்டம் முடியட்டும், வந்து அனுப்பலாம் என்று மூடிவைத்தேன். கூட்டத்தில் கைதட்டினார்கள். ஒரு பெண்மணி எழுந்து, உங்களிடம் பொய்யே கிடையாதா சார் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்தேன். திரும்பி வந்த பிறகு அந்த ஒரு வரியை என்னால் தொட முடியவில்லை.

அடுத்த நாள் டில்லி கேட்டான். "போட்டியா?"

"அனுப்பிட்டேன் மச்சான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? இன்னும் அனுப்பவில்லை என்று சொல்லியிருந்தால்கூடத் திட்டிவிட்டு உட்கார்ந்து அனுப்பவைத்திருப்பான். அந்தத் திட்டுக்குப் பயந்தா? இல்லை... சரி, உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். அனுப்பும் எண்ணம் எனக்குப் போய்விட்டிருந்தது. கேட்பதை அவன் நிறுத்தினால் போதும் என்றிருந்தது.

சில நாட்கள் கழித்து மறுபடி கேட்டான். பதில் வரவில்லை என்றேன். இன்னும் சில நாட்கள் கழித்துக் கேட்டான். வரவில்லை என்றேன்.

"அப்ப அவருக்கு என்னையே புடிக்கல. கார்டு சும்மா ஒரு சாக்கு" என்றான் டில்லி.

இல்லைடா என்று சொல்ல எனக்கு அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அவன் மாலதியிடம் அதைத்தான் சொன்னான். உண்மை தெரிந்த பிறகும் அண்ணா பதில்கூடப் போடவில்லை என்றால் அவரை எதிர்த்து நான் வர முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள். அவள் ஒரு முறை அண்ணனிடம் கேட்டிருந்தால் என் பொய் அன்றைக்கே பல்லை இளித்திருக்கும். கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அண்ணனிடம் யாரும் ஏன் என்று கேட்டுப் பழக்கமில்லை. பதிலே போடாதவர் வாசலில் போய் நிற்க டில்லியின் ரோஷம் விடாது என்றும் தெரியும். தொழிலில் இடர்களைக் கணிப்பதில் நான் கெட்டிக்காரன் அல்லவா? இதையும் கணித்துத்தான் சும்மா இருந்தேன்.

டில்லி கம்பெனியை விட்டுப் போனான். செய்யூர் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் வேலை கிடைத்தது. அலுவலகச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, "நீ எனக்காக மெயில்லாம் போட்ட. அது போதும் மச்சான்" என்று என் தோளைத் தட்டினான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பிடுங்கிக்கொள்ளவில்லை. சரிடா, அடிக்கடி போன் பண்ணு என்றேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊருக்குப் பொய்யை எழுதிவிட்டுத் தொழிலை நான் உண்மையை வைத்துத்தான் திருத்தினேன். தேவகி கல்யாணத்துக்குப் பிறகு ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணத்தை நான் எடுக்கவே இல்லை. கட்டிய பையை வேறு ஒருவர் தொடக் கூடாது என்று விதி வைத்தேன். பையைத் திறந்து பார்க்காததுதான் காரணம் என்று உண்மையாகவே நான் நம்பியிருந்தால் இந்த விதிகள் எதற்கு? என்ன நடந்தது என்று எனக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது. எங்கள் இரண்டு கேள்விகளோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன்: எதைத் தெரியாதது போல நடித்தோம்? கூட்டங்களில் அந்தக் கேள்விக்குத்தான் கைதட்டல் அதிகம். அதற்கு நான் என் பதிலைச் சொன்னதே இல்லை.

தொழில் வளர்ந்தது. புது ஆட்கள், புது கார்டுகள், இரண்டு வேன்.

பிறகு ஒரு நாள் ஞானவேல் அண்ணனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மாலதிக்கு வேறு இடத்தில் முடிவாகிவிட்டது, திருக்கழுக்குன்றத்திலேயே கல்யாணம், இந்த முறையும் லீவு இல்லை. 'சொந்தக் கூட்டாளி என்றும் பார்க்காமல் தவறை எழுதியவர் நீங்கள். உங்களை நம்பித்தான் மறுபடியும் கேட்கிறேன்' என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை அவருக்கு எழுத அதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. நான் எழுதிய பதில்: 'மிக்க மகிழ்ச்சி. நானே நேரில் வருகிறேன்.'

போனேன். மண்டபத்து லைன் ஒன்று, புதுக் கார்டுகள் இரண்டு, இன்வெர்ட்டர், அதற்கு மேல் ஜெனரேட்டர். கேமரா மணவறைக்குப் பின்னால், ஸ்டூல் மேல். கற்றுக்கொண்ட ஒவ்வொரு பாடமும் அங்கே இருந்தது.

மாலதி மணவறைக்கு வரும் வழியில் என்னைப் பார்த்து நின்றாள்.

"அன்னிக்கு அண்ணாவுக்கு மெயில் போட்டீங்களாமே. சொன்னாரு" என்றாள். யார் சொன்னது என்று சொல்லவில்லை. "தேங்க்ஸ்."

தோழிகள் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பார்க்கிறவர்களின் பெயர்கள் என் திரையின் ஓரத்தில் வரும். ஞானவேல் அண்ணன் பெயர் வந்தது. அவருடைய நண்பர்கள் சிலர் வந்தார்கள். முகூர்த்தம் நெருங்கும்போது இன்னொரு பெயர் வந்து உட்கார்ந்தது. அட்மின்-2.

நேரலையை நிர்வகிக்கும் எங்கள் கணக்குகளில் அட்மின்-1 நான். அட்மின்-2 டில்லி. அவன் போன பிறகும் அந்தக் கணக்கை நீக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எந்த ஊரில், எந்தக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான்? பக்கத்தில் யாராவது இருந்தார்களா? தெரியாது. கேமராவின் வயரைப் பிடுங்கினால் போதும், அவன் அதைப் பார்க்க வேண்டியிருக்காது. ஆனால் ஞானவேல் அண்ணனுக்கும் இரண்டாம் முறையாக ஒரு தூக்கிய கைதான் மிஞ்சும். என் கை வயரின் மேல் இருந்தது. புரோகிதர் கையைத் தூக்கினார்.

படம் நிற்கவில்லை. மூன்று முடிச்சும் தெரிந்தது. மாலதி ஒரு முறை நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள், அண்ணனுக்காக. அந்தப் பார்வை அட்மின்-2க்கும் போயிருக்கும். மெட்டி போடும் வரை அந்தப் பெயர் திரையில் இருந்தது. பிறகு இல்லை.

"தம்பி, ஒரு நொடி கூட நிக்கல. நேர்ல இருந்திருந்தாக்கூட இவ்ளோ கிட்டப் பாத்திருக்க மாட்டேன்" என்று ஞானவேல் அண்ணன் போனில் அழுதார். நானும் அழுதேன். நெகிழ்ந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் அலுவலகம் போனதும் முதல் வேலையாக அட்மின்-2 கணக்கை நீக்கினேன். பாதுகாப்புக்காக என்று பையன்களிடம் சொன்னேன்.

அந்தக் கட்டுரை இன்னும் தளத்தில் இருக்கிறது. அதிகம் பேர் படிப்பது அதைத்தான். ஞானவேல் அண்ணனின் முகவரி என்னிடம் இருக்கிறது. டில்லியின் எண்ணும் மாறவில்லை. எழுத வேண்டிய இரண்டு பேரை விட்டுவிட்டு, முகம் தெரியாத உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன்...

இதிலும் ஒன்று பாக்கி. டில்லிபாபு என்பது அவன் பெயர் இல்லை. அண்ணன் இருப்பது மஸ்கட்டும் இல்லை. இதை அவர் படித்தாலும், யாரோ எவனோ என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அப்படிப் போகட்டும் என்றுதான் எல்லாவற்றையும் மாற்றி வைத்தேன்.

ஆகவே இதைப் படித்துவிட்டு, என்ன நேர்மை சார் என்று எனக்கு எழுதிவிடாதீர்கள். எழுதினால் நான் நன்றி சொல்லிவிடுவேன்.